மக்டலின் மிதித்தால் நிற்கும்

மனைவியைப் பற்றிப் புருஷன் எழுதினால் பெண்சாதி புராணம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பாலையூற்றிலிருந்து திருகோணமலை டவுண் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பஸ்களில், ஓட்டுகிறவரே சில்லைக் கழற்றி, பிரேக்கைத் துடைத்துப் பூட்டுகிற பஸ் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது என் மனைவி மக்டலினுடைய பழைய மினி பஸ். என் பெயர் ஜக்சன். மத்தியானத்துக்குப் பிறகு உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. காலையில் மனைவியின் பஸ்ஸில் கதவு திறந்து மூடுகிற உத்தியோகம். ஹோட்டல் குசினியில் நான் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பஸ்ஸில் கதவு மட்டும்தான் நான் சொல்வதைக் கேட்கும், அதுவும் மழை நாளில் கேட்காது.

எங்கள் வளவு வீதியைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. இரவில் பஸ்ஸை நிறுத்தும்போது மக்டலின் கைபிரேக்கை இழுத்து விடுவதில்லை. கடல் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால், இழுத்தபடி கிடக்கும் பிரேக் ஷூ விடிவதற்குள் துருவேறி ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கத்தில் பலர் வாகனத்தைக் கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கல்லு வைப்பார்கள். மக்டலினின் கல்லுக்குக் கயிறும் உண்டு. காலையில் அவள் ஏறி இருந்து பிரேக்கை மிதித்த பிறகு யாராவது கயிற்றைப் பிடித்துக் கல்லை இழுக்க வேண்டும்.

அந்த யாராவது, பக்கத்து வீட்டுச் சுதர்ஷிகா. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது தாதி. விபத்து வார்டில் வேலை. தன்னுடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்ற வரும்போது, வெள்ளை உடுப்பு அழுக்காகாமல் ஒரு பக்கமாகக் குனிந்து கயிற்றைப் பிடிப்பாள்.

"பிடிச்சிருக்கிறீங்களோ அக்கா?"

"பிடிச்சிருக்கிறன்."

அதன் பிறகுதான் இழுப்பாள். கல்லைப் படியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுவாள். இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் எங்கள் பஸ் வளவைவிட்டு வெளிக்கிட்டதே கிடையாது. கதவு உத்தியோகத்தன் நான் சும்மா நிற்கும்போது, தாதி ஒருத்தி ஏன் கல்லு இழுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "உங்கட இடுப்பு அண்ணை, இழுத்தா நான்தான் பிறகு மருந்து கட்டவேணும்" என்றாள்.

கலியாணம் முடித்த புதிதில் மக்டலின் டவுணில் ஒரு உதிரிப்பாகக் கடையில் விற்பனைக்கு நின்றாள். ஆட்கள் தேய்ந்த ஷூவைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். மற்றவர்கள் அதில் இலக்கத்தைத் தேடுவார்கள். மக்டலின் தேய்ந்த முகத்தைப் பார்ப்பாள். வளைந்த இரும்பும் அதன் முதுகில் ஒட்டிய லைனிங்கும்தான் ஷூ. ஆனால் அவளுக்கு அது சாதகக் குறிப்பு மாதிரி. ஒரு ஆட்டோக்காரரிடம், "அண்ணை, நீங்கள் பிரேக்கில காலை வைச்சபடிதானே ஓடுறீங்கள்" என்று கேட்டாள். அவர், "ஆர் சொன்னது, என்ட மனிசியோ?" என்று திருப்பிக் கேட்டார். இன்னொருவரிடம், "மீன் பெட்டி ஏத்துறீங்களோ?" என்றாள். பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் ஷூவின் ஓரத்தை அரித்திருந்தது. அந்த மனிதர் தன் சட்டையைத் தூக்கி மணந்து பார்த்தார். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான், இவளோடு பொய் பேசி வாழ ஏலாது என்று நான் அப்போதே முடிவு செய்தேன்.

பிறகு அந்தப் பழைய மினி பஸ்ஸை வாங்கினோம். நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பிரேக் எப்படி என்று கேட்டால் போதும், மக்டலின் என் பெரிய சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அது நான் பிறந்தநாள் வீடுகளுக்குப் புரியாணி போடும் பானை. அதைக் கவிழ்க்காமல் சரித்துப் பிடித்து, உள்ளே இரண்டு கையையும் விடுவாள்.

"பானைதான் ட்ரம். சில்லோட சேந்து சுத்தும். என்ட ரெண்டு கையும் ஷூ. இது சுத்தாது. நான் மிதிச்சா எண்ணெய் குழாயால போய் உள்ளுக்க இருக்கிற சின்னச் சிலிண்டரைத் தள்ளும். அது ரெண்டு ஷூவையும் விரிக்கும். விரிஞ்சு பானையின்ட உள்பக்கத்தில உரஞ்சினா பானை நிக்கும்."

இவ்வளவும் யாருக்கும் விளங்கும். அடுத்ததைத்தான் அவள் ஆசையாகச் சொல்லுவாள். எங்கள் பஸ்ஸின் பின்சில்லுகளில் இரண்டு ஷூவும் அடியில் ஒன்றோடொன்று கோத்திருக்கும். பஸ் முன்னுக்கு ஓடும்போது, சுற்றுகிற ட்ரம் முன்பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுக்கும். இழுபட்ட ஷூ மற்றதைத் தள்ளும். தள்ளுப்பட்ட பின்பக்கத்து ஷூ மேலே உள்ள முளையில் போய் முட்டி, ட்ரம்மை இறுக்கிப் பிடிக்கும். ஓடுகிற வேகமே பிரேக்குக்கும் பலம் கொடுக்கிறது. பாரம் முழுவதும் பின்பக்கத்து ஷூவுக்குத்தான். அதனால் அதற்கு நீட்டு லைனிங், முன்பக்கத்து ஷூவுக்குக் கட்டை லைனிங். "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், அவர் கட்டை, நான் நீட்டு" என்று முடிப்பாள். பெற்றோர் சிரிப்பார்கள். பானையை நான் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிக்கூட விடுமுறைக்கும் சில்லுகளைக் கழற்றுவாள். ட்ரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ யாரையும் விடமாட்டாள், அது நெஞ்சுக்குள் போனால் கேடு. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துக் கழுவுவாள். சிலிண்டர் ரப்பரை விரலால் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். லைனிங் பளபளத்தால் சாண்ட் பேப்பரால் தேய்த்து முரடாக்குவாள். பூட்டிய பிறகு அஜஸ்டரைத் திருப்பித் திருப்பிச் சில்லைக் கையால் சுற்றுவாள். ஷூ மெல்ல உரசும் சத்தம் வந்ததும், அது அடங்கும் வரை கொஞ்சம் தளர்த்துவாள். பிரேக் கத்துகிறது என்று ட்ரம்முக்குள் தேங்காயெண்ணெய் விடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் அவளுக்குச் சன்னதம் வரும். "எண்ணெய் விட்டா சத்தம் நிக்கும், வண்டி நிக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவளைச் சிக்குன்குனியா பிடித்தது. காய்ச்சல் கெதியாக விட்டுவிட்டது, மூட்டுவலி விடவில்லை. விரல்கள் வீங்கி ஒரு தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே பட்டபாடு பெரும்பாடு. ஸ்பானர் சாவியால் சில்லு ஆணி கழற்றுவது எப்படி? பின்சில்லு லைனிங் மாற்ற வேண்டிய காலமும் அதோடு வந்துவிட்டது. விடுமுறை முடியப் போகிறது. அவள் படுக்கையில் இருந்தபடி, "கிண்ணியாவுக்குக் கொண்டுபோங்கோ. தம்பி நானாட்டைக் குடுங்கோ. வேற ஆரிட்டையும் குடுக்கவேண்டாம்" என்றாள்.

முஹம்மது தம்பி என்பது அவருடைய முழுப்பெயர். வயதுக்கு மரியாதையாக ஊர் நானா, அதாவது அண்ணன், என்று சேர்த்ததில் தம்பியும் நானாவும் ஒருவரே ஆகிவிட்டார். கிண்ணியாவில் பிரேக் என்றால் அவர்தான். கடையில் நின்ற காலத்தில், தான் குறை சொல்ல ஏலாத தேய்ந்த ஷூக்களை அனுப்பிய ஒரே மேசன் அவர் என்று மக்டலின் சொல்லியிருக்கிறாள். மேசன் என்றது அவள் பகிடிக்கு. அவர் பூட்டினால் சிமெந்து பூசியது போல இருக்குமாம். நான் பஸ்ஸைக் கொண்டுபோனேன். அவர் தன் கையாலேயே லைனிங் அடித்து, ட்ரம்மைத் துடைத்து, எல்லாம் பூட்டினார். அவருடைய மனைவி சுபைதா பிளேன்ரீயும் தொதல் இனிப்பும் தந்தார். திரும்பி வரும்போது பாலத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். நின்றது.

பள்ளிக்கூடம் தொடங்கியது. மக்டலின் நொண்டி நொண்டி ஏறி பஸ்ஸை எடுத்தாள். முதல் நாளே, "பெடல் கல்லு மாதிரி இருக்கு. கூட மிதிக்கவேண்டிக் கிடக்கு" என்றாள். அடுத்த நாள், "என்ட முழங்கால்தான், அதுக்கு இன்னும் சத்து வரேல்ல" என்று தானே பதிலும் சொன்னாள். இரவில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பாலையூற்றுப் பக்கம் தரை பெரும்பாலும் மட்டம், அங்கே எந்தப் பிரேக்கும் நல்ல பிரேக்தான். ஓர்ஸ் ஹில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட மேடு ஏறி, மற்றப் பக்கத்தால் இறங்க வேண்டும்.

அந்தக் கிழமைக் கடைசியில் ஒரு காலை, பஸ் நிறையப் பிள்ளைகளோடு இறங்கினோம். மக்டலின் மிதித்தாள். பஸ் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அவள் இருக்கையைவிட்டு எழும்பி மிதித்ததை நான் பார்த்தேன். கியரைக் குறைத்தாள், கைபிரேக்கை இழுத்தாள். பின்சில்லுப் பக்கமிருந்து கருகிய மணம் வந்தது. சந்தியில் ஒரு மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ்ஸின் மூக்கு வெள்ளைக் கோட்டைத் தாண்டி, அவருடைய மீன் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மீன்காரர் தராசைத் தூக்கியபடி எங்களைப் பார்த்தார். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி நான் என் வாழ்க்கையில் பயந்ததில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே சொல்லாவிட்டால் ஊருக்கே தெரிந்திராது. மக்டலின் வேறு பஸ்ஸை மறித்துப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினாள். எங்கள் பஸ்ஸை ஆட்களை வைத்து ஓரத்தில் தள்ளி, பிறகு வெறுமனே கட்டி இழுத்து வந்தோம். அன்று பின்னேரம் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் போய் நின்று அவளே சொன்னாள்.

"இண்டைக்கு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில என்ட பிரேக் பிடிக்கேல்ல. ஏன் எண்டு கண்டுபிடிக்கும் வரைக்கும் நான் உங்கட பிள்ளையை ஏத்தமாட்டன்."

சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சுதர்ஷிகா கடைசி வீடு. கேட்டுவிட்டுப் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னாள்.

"அக்கா, கோவிக்காதைங்கோ. வார்டில நான் பாக்கிறதை நீங்கள் பாக்கிறேல்ல. என்ட பிள்ளையள் இனி வேற பள்ளிக்கூட வானில போகட்டும்."

"கண்டுபிடிச்சுத் திருத்தின பிறகும் வேண்டாமோ?"

"வேண்டாம் அக்கா."

சுதர்ஷிகா சொன்னால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் அது வைத்தியர் சொன்ன மாதிரி. அடுத்தடுத்த நாளில் மற்றவர்களும் வேறு வான் பார்த்துவிட்டார்கள். மக்டலினுக்கு இந்த பஸ்தான் எல்லாம். அதில் ஓடுவது அவளுடைய பெயர். மிதித்தால் நிற்கும் என்று சொல்லித்தான் இவ்வளவு காலமும் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றினாள். அந்தப் பெயர் போனால் பஸ்ஸை விற்றுவிட்டுத் திரும்பக் கடை மேசைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

வீங்கிய விரலோடு சில்லைக் கழற்ற இருந்தாள். ஆணிகளை நான் தளர்த்திக் கொடுத்தேன். ட்ரம்மை இழுத்து எடுத்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிலிண்டர் காய்ந்திருந்தது, கசிவு இல்லை. லைனிங் தடிப்பு குறையவில்லை. எண்ணெய்ப் பசை இல்லை. ஸ்பிரிங் எல்லாம் புதிது. வேலை அவ்வளவு துப்புரவு. பிறகு, "இஞ்ச பாருங்கோ" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்கு இரண்டு ஷூ தெரிந்தது.

"முன்னுக்கு எது நிக்குது?"

"நீட்டு."

"பின்னுக்கு?"

"கட்டை."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இடம் மாறியிருந்தது. கட்டை ஷூ, நீட்டு ஷூவின் பாரத்தைச் சுமந்திருக்கிறது. சூடேறிச் சூடேறி அதன் முகம் தேய்த்த கருங்கல் மாதிரி பளபளத்தது. நீட்டு ஷூவில் அரம் தேய்த்த கோடுகூட அழியவில்லை. மற்றச் சில்லைத் திறந்தோம். அங்கும் அதே.

ஆனைக்கும் அடி சறுக்கும்தானே என்றேன். மக்டலின் தலையாட்டவில்லை.

"ஒரு சில்லில மாறினா அடி சறுக்கினது. ரெண்டிலயும் ஒரே மாதிரி மாறினா அது சறுக்கினதில்ல. தம்பி நானா தெரிஞ்சுதான் பூட்டியிருக்கிறார். ஏன் எண்டு எனக்குத் தெரியவேணும்."

நாலு ஷூவையும் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் என் பின்னால் ஏறினாள். பாலம் முழுவதும் அவள் கதைக்கவில்லை. மக்டலின் கதைக்காவிட்டால் சண்டைக்குச் சொல் சேர்க்கிறாள் என்று அர்த்தம். கடல் அழகாக இருந்தது, நான் பார்க்கவில்லை. நல்ல மனிதரோடு பகை வரப்போகிறதே என்று எனக்குக் கவலை.

தம்பி நானாவின் பட்டறை தண்ணீர்க் கரையைப் பார்த்தபடி இருக்கிறது. அவர் எழும்பி வந்தார்.

"வாங்க மகள், எப்பிடி உடம்பு?"

மக்டலின் சாக்கை அவிழ்த்து, நாலு ஷூவையும் அவருடைய மேசையில் பஸ்ஸில் இருந்தபடியே ஒழுங்காக வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சத்தம் போடவில்லை. பிள்ளைகள் என்றதும் அவர் குறுக்கே விழுந்தார்.

"புள்ளைகளுக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை நானா."

"அல்ஹம்துலில்லாஹ்." கதிரையில் இருந்தார். பிறகு மேசையைப் பார்த்து, "ஆனா மகள், பூட்டினது சரிதானே. நீட்டு முன்னுக்கு, கட்டை பின்னுக்கு. இந்த மாதிரி வண்டிக்கு நான் எப்பவும் இப்பிடித்தான். ஒருத்தரும் குறை சொல்லல்ல" என்றார்.

"கொம்பனிக்காரன் மற்றப் பக்கமாத்தானே நானா பூட்டி விடுறான்?"

"அவனுக்கு இந்த ஊரு தெரியாதே."

"ஏன் நீட்டு முன்னுக்கு?"

குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வது போல அவர் சிரித்தார். "பின்னுக்கு எடுக்கக்குள்ள நல்லாப் பிடிக்கோணுமே மகள். நீட்டு முன்னுக்கு நிண்டாத்தான் றிவேஸ்ல இறுக்கும். பாரத்தோட பின்னுக்கு இறங்கிற லொறி, பிடிக்காட்டி நேரே தண்ணிக்குள்ளதானே."

"எந்த இறக்கத்தில நானா?"

"இந்தா, பாதையில ஏத்தக்குள்ள..." என்று கையை நீட்டித் தண்ணீர்க் கரையைக் காட்டினார்.

பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கு அதுதான் வழி. தம்பி நானா வேலை செய்து கொடுத்த லொறிக்காரர்கள் கரைச் சரிவில் றிவேஸில் இறங்கித்தான் மிதவையில் ஏற்றுவார்களாம். அதற்காக அவர் ஷூவை இடம் மாற்றிப் பூட்டினார். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனம். அவர் நீட்டிய கைக்கு நேரே இப்போது மிதவை இல்லை. பாலம் இருந்தது. பாலத்தில் ஒரு பஸ் முன்னுக்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் பாலத்தைப் பார்த்தார். மேசையில் பளபளத்துக் கிடந்த கட்டை ஷூவைப் பார்த்தார். கை மெல்லக் கீழே வந்தது. பாலம் கட்டி எவ்வளவு காலம், அவர் அதில் எத்தனை தரம் போய் வந்திருப்பார். கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"யா அல்லாஹ்" என்றார். "நான் இன்னும் பாதைக்குத்தானே பூட்டிக்கிட்டு இரிக்கன்."

மக்டலின் சேர்த்து வைத்திருந்த சொல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். சுபைதா உள்ளே இருந்து வந்து, புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"நீட்டும் கட்டையுமா வாற வண்டி இப்ப அருமை மகள். ஆனா கொஞ்சம் இரிக்கி. ரெண்டு மூணு லொறி, ஒரு தண்ணி பவுசர்." அவர் போனை எடுத்தார். அங்கேயே, எங்களுக்கு முன்னாலேயே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "வண்டிய மேட்டுப் பக்கம் கொண்டுபோகாம நேரே என்னட்டக் கொண்டுவா. பிழை என்னில" என்றார்.

அடுத்த நாள் அவரே பாலையூற்றுக்கு வந்தார். புது லைனிங் கொண்டுவந்திருந்தார். கட்டையை முன்னுக்கும் நீட்டைப் பின்னுக்கும் பூட்டினார். பூட்டும்போது இரண்டு தரம் அவர் கை பழைய பக்கம் போனது. இரண்டு தரமும் தானே அதட்டித் திருப்பினார். மக்டலின் டோர்ச் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை. "பாருங்க மகள், நல்லாப் பாருங்க" என்று விலகி இடம் கொடுத்தார்.

பிறகு பஸ்ஸுக்குப் பாரம் ஏற்றினோம். பிள்ளைகள் இருக்கிற இருக்கை ஒவ்வொன்றிலும் மணல் சாக்கு. நான் வழக்கம் போலக் கதவு மூடினேன், சாக்குகள் அடம் பிடிக்கவில்லை. முதலில் தட்டைத் தெருவில் மிதித்து மிதித்து லைனிங்கைப் பழக்கினாள். அதன் பிறகு ஓர்ஸ் ஹில் இறக்கம். தம்பி நானா முன் இருக்கையில் இருந்து கம்பியைப் பிடிக்க மறுத்துவிட்டார். மக்டலின் மிதித்தாள். பஸ் நின்றது, நிற்க வேண்டிய இடத்துக்கு நல்ல தூரம் முன்னாலேயே. மேலே போய்த் திரும்ப இறங்கினாள். கருகிய மணம் வரும் வரை விடமாட்டேன் என்று இறங்கி இறங்கிப் பார்த்தாள். மணம் வரவேயில்லை. "முழங்காலுக்கு ஒண்டும் இல்லையாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தேய்த்த எண்ணெய்க்கு அதோடு மதிப்புப் போயிற்று.

ஞாயிறு பின்னேரம் பெற்றோரை வளவுக்குக் கூப்பிட்டோம். வந்தவர்கள் பாதிப் பேர். சுதர்ஷிகா வந்து மதிலோரம் நின்றாள். தம்பி நானா நடுவில் போய் நின்றார்.

"வண்டில பிழை நான் விட்டது. இந்த மகள் விடல்ல. இவ உங்களுக்குச் சொல்லாம இரிந்திருந்தா ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னும் எத்தின வண்டி எண்ட பிழையோட ஓடியிரிக்கும்."

ஆட்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். சுதர்ஷிகா மதிலைவிட்டு முன்னே வந்தாள்.

"நானா, நீங்கள் சொன்னது விளங்குது. நான் அக்காட்டை ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு முந்தியே பிரேக் குறைவெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். தம்பி நானா பழியை ஏற்கெனவே தூக்கித் தன் தலையில் வைத்துவிட்டார். நான் மக்டலினைப் பார்த்தேன். பொய் பேசி வாழ ஏலாது என்று நான் கண்டுபிடித்த அதே முகம்.

"தெரியும்" என்றாள். "கூட மிதிக்கவேண்டியிருந்தது. காய்ச்சல் விட்ட முழங்கால்தான் காரணம் எண்டு நினைச்சு ஓடினனான். அது என்ட பிழை. இனி காலைக் குறை சொல்ல முதல் சில்லைக் கழட்டுவன். நாளைக்கு வழமையான நேரத்துக்கு பஸ் வெளிக்கிடும். ஆர் வந்தாலும் வராட்டியும் ஓடும்."

சுதர்ஷிகா திரும்பி வீட்டுக்குப் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். தம்பி நானா மக்டலினின் தலையைத் தொட்டுவிட்டு பஸ் பிடிக்க நடந்தார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சல். அதேநேரம், இப்படி ஒருத்தியைக் கட்டியிருக்கிறேனே என்று பெருமையும். இரண்டும் சேர்ந்து அன்றைக்குக் கறியில் உப்பைக் கூட்டிவிட்டன.

திங்கள் காலை மக்டலின் வழக்கம் போல வெளிக்கிட்டாள். பஸ்ஸில் ஏறி இருந்து பிரேக்கை மிதித்தாள். மிதித்தபடி முன்கண்ணாடியால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளவில் நானும் கல்லும்தான். பக்கத்து வீட்டில் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். இடுப்பு போனால் போகட்டும் என்று கயிற்றை எடுக்கக் குனிந்தேன்.

"விடுங்கோ அண்ணை."

சுதர்ஷிகா. வெள்ளை உடுப்பு. பின்னால் புத்தகப் பைகளோடு பிள்ளைகள் இரண்டு பேரும். அவள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, ஒரு பக்கமாகக் குனிந்தாள். முகத்தை நிமிர்த்தி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கிறீங்களோ அக்கா?"

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மக்டலின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காய்ச்சலில் அழாதவள், ஓர்ஸ் ஹில்லில் அழாதவள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கால் மட்டும் பெடலைவிட்டு அசையவில்லை.

"பிடிச்சிருக்கிறா" என்று நான் சொன்னேன்.

சுதர்ஷிகா கல்லை இழுத்தாள். பஸ் அசையாமல் நின்றது. அவள் கல்லைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றினாள்.